சீகன்பால்கு: தமிழை அச்சேற்றியவரின் சொந்தப் புத்தகம் ஏன் 154 வருஷம் அச்சாகல?

கடலூரில் பஸ் ஏறித் தெற்கே போனால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம், கொள்ளிடம் பாலம், சீர்காழி, திருக்கடையூர் தாண்டி தரங்கம்பாடி வந்துவிடும். சுமார் 100 கி.மீ. தூரம். போனில் ஒரு படம் பார்த்து முடித்தால் இறங்கிவிடலாம்.

300 வருஷத்துக்கு முன்னால் இதே 100 கி.மீ.-க்குள் நான்கு அரசாங்கங்கள் இருந்தன. கடலூரில் இங்கிலீஷ்காரர்கள். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் எங்க இடம் என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. சிதம்பரம் பக்கம் வந்தால் முகலாயரின் கர்நாடக ஆட்சி. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர். கடைசியில் தரங்கம்பாடி: 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி வந்த டென்மார்க்காரர்களின் சின்னஞ்சிறு ஊர்.

1713-ல் அந்தச் சின்ன ஊரில் ஒரு அச்சகம் தமிழில் ஓட ஆரம்பித்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது விஜய வருடம். பக்கத்துச் செஞ்சியில் தேசிங்கு ராஜா போரில் இறந்தது அதற்கு அடுத்த வருஷம். அச்சகத்துக்குப் பின்னால் இருந்தவர் 31 வயது ஜெர்மன்காரர், பர்த்தலோமேயு சீகன்பால்கு. தமிழ் அச்சு வரலாறு படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். ஆனால் அதே 1713-ல் அவர் தமிழர்களைப் பற்றி எழுதி முடித்த பெரிய புத்தகத்தை அவருடைய சொந்த ஆட்களே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அச்சகம் கையில். கையெழுத்துப் பிரதியும் கையில். அப்புறம் ஏன் அச்சாகல?

யார் இந்த சீகன்பால்கு?

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற ஊரில் 1682-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். உடம்பும் அவ்வளவு திடமில்லை. ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற லுத்தரன் பேராசிரியரிடம் படித்தார். அனாதை இல்லம், பள்ளிகள், மருந்துக்கடை, அச்சகம் என்று ஒரு பெரிய நிறுவனத்தையே ஃபிராங்கே அங்கே நடத்தி வந்தார்.

டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக், தன் வியாபாரக் குடியேற்றத்துக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப ஆசைப்பட்டார். சொந்த நாட்டில் யாரும் சரியாகக் கிடைக்காததால் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஒருவர் சீகன்பால்கு, இன்னொருவர் ஹென்ரிக் புளூட்சாவ். 1705 நவம்பர் 29-ல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் கிளம்பியது. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடி.

வரவேற்பு ஒன்றும் பிரமாதமாக இல்லை. அங்கே இருந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனிக்கு வியாபாரம்தான் முக்கியம். மதப் பேச்சு எடுத்தால் உள்ளூர் மக்களோடும் தஞ்சை அரசோடும் சிக்கல் வரும் என்று கோட்டைத் தலைவர் ஹாசியஸ் கணக்குப் போட்டார். அரசர் அனுப்பிய ஆட்கள், ஆனால் அரசரின் அதிகாரிக்கே வேண்டாதவர்கள். சீகன்பால்குவின் மீதி வாழ்க்கை முழுக்க இந்த இழுபறி தொடர்ந்தது.

மணலில் எழுதிப் படித்த மாணவர்

ஊரில் இருந்த ஐரோப்பியர்களுக்குப் போர்த்துகீசியம் போதும் என்றிருந்தது. துறைமுகத்தில் எல்லோருக்கும் அதுதான் பொதுமொழி. சீகன்பால்குக்கு அது போதவில்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்.

அழகப்பன் என்ற உள்ளூர்க்காரர் இல்லாவிட்டால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஐரோப்பியர்கள் தங்கள் கடிதங்களில் அவர் பெயரை அலெப்பா என்று எழுதினார்கள். டேனிஷ் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் தெரியும். புத்தகங்களின் பெயர்கள், சடங்குகளின் அர்த்தம், யாரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என எல்லாவற்றுக்கும் சீகன்பால்கு போய் நின்ற முதல் வாசல் இவர்தான்.

சீகன்பால்கு போட்டுக்கொண்ட டைம்டேபிள் இன்றைக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குப் புரியும். காலை 7 முதல் 8 வரை முந்தைய நாள் சொற்களைத் திரும்பப் படிப்பது. 8 முதல் 12 வரை ஒரு தமிழ்ப் புலவரையும் ஒரு எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓலைச்சுவடி வாசிப்பது. சாப்பிடும்போதுகூட யாராவது படித்துக் காட்ட வேண்டும். மறுபடி மாலையில் வாசிப்பு, இரவில் கேட்பது. இரண்டு வருஷத்துக்குள் 20 ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் சேர்ந்துவிட்டது.

ஓலைதான் அன்றைய பதிப்பகம்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1700-களில் தமிழில் புத்தகம் என்றால் பனையோலை. ஒரு நூல் பிழைக்க வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் பிரதி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கரையானுக்குத்தான். தேவாரப் பாடல்கள் சிதம்பரம் கோயிலின் ஒரு அறையில் பூட்டிக் கிடந்ததையும், திறந்து பார்க்கும்போது பாதிக்கு மேல் கரையான் அரித்திருந்ததையும் சொல்லும் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மொழியின் இலக்கியம் எவ்வளவு சின்ன இழையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

இந்தச் சூழலில் சீகன்பால்கு ஓலை வாங்க ஆரம்பித்தார். தன் எழுத்தர்களைப் பல நாள் நடை தூரம் உள்ளே அனுப்பினார். படித்த குடும்பங்களில் கணவர் இறந்த பிறகு, வீட்டில் சும்மா கிடந்த சுவடிகளை விதவைகளிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கிவந்தார்கள். விற்காதவர்களிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்தார்கள்.

1708-ல் அந்தச் சேகரிப்புக்கு ஒரு பட்டியல் போட்டார். 119 தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன நூல், எதைப் பற்றியது என்று சிறு குறிப்பு. தொல்காப்பியம் இருந்தது, திருக்குறள் இருந்தது. திருக்குறள் முதன்முதலில் அச்சானது 1812-ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு வெளிநாட்டுக்காரர் அதைத் தன் அலமாரியில் வைத்து, உட்கார்ந்து படித்து, குறிப்பு எழுதியிருக்கிறார். அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடணும். அவர் வந்தது மதம் மாற்ற. கடைசிவரை அந்த நோக்கத்தை அவர் விடவில்லை. எதிராளியின் வாதம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்பதுதான் ஆரம்பத்தில் அவர் படித்ததற்குக் காரணம். ஆனால் படிக்கப் படிக்க, ஐரோப்பாவில் தனக்குச் சொல்லிக் கொடுத்தது தவறு என்று அவருக்குப் புரிய ஆரம்பித்தது. இந்த மக்களுக்கு ஒழுக்க நூல்கள் இருக்கின்றன, தெளிவாக யோசிக்கிற மரபு இருக்கிறது என்று அவர் தொடர்ந்து ஊருக்கு எழுதினார்.

சிறையும் வடக்கே ஒரு பயணமும்

1708 நவம்பரில் ஹாசியஸ் அவரைக் கைது செய்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார். ஒரு விதவையின் பணத் தகராறில் அவருக்காகப் போய்ப் பேசியதுதான் சண்டை முற்றக் காரணம். நாலு மாசம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் சிறைக்கு முன்பே தொடங்கியிருந்த வேலையைத் தொடர்ந்தார். அது புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலை. 1708 அக்டோபரில் ஆரம்பித்து 1711 மார்ச்சில் முடித்தார்.

நடுவில் 1710-ல் சென்னைக்குத் தரைவழியாகப் போனார். சீர்காழி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர் என்று கடற்கரையை ஒட்டி வடக்கே போகும் பாதை அது. கொள்ளிடத்தில் பாலம் கிடையாது, படகுதான். ஒவ்வொரு எல்லையிலும் வேறு ஆட்சி, வேறு சுங்கம். அந்தப் பயணத்தின் பலன் சென்னையில் கிடைத்தது. இங்கிலீஷ் கம்பெனியின் பாதிரியார் ஜார்ஜ் லூயிஸ் உதவிக்கு வந்தார். அவர் வழியாக லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் தொடர்பு பலப்பட்டது. டேனிஷ் ஊரில் இருக்கும் ஜெர்மன்காரருக்கு இங்கிலீஷ்காரர்கள் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அச்சகம் வந்த கதை

தமிழ் எழுத்தில் அச்சானது இதுதான் முதல் தடவையா? இல்லை. 1578-லேயே கொல்லத்தில் போர்த்துகீசிய இயேசு சபைப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். அதற்குப் பிறகு கேரளக் கரையில் சில நூல்கள் வந்தன. 1679-ல் அம்பலக்காட்டில் ஒரு அகராதி. அதோடு அந்த முயற்சி நின்றுபோனது. சீகன்பால்கு வரும்போது தமிழ் அச்சு என்பது மறந்துபோன விஷயம்.

1711-ல் லண்டன் சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றியது. கூடவே ஜோனாஸ் ஃபின்க் என்ற அச்சுத் தொழிலாளியையும் அனுப்பியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து தப்பிக் கிளம்பினால், நன்னம்பிக்கை முனை வருவதற்குள் ஃபின்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, ஓட்ட ஆள் இல்லாமல். தேடிப் பார்த்தால் டேனிஷ் கோட்டையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. ரோமன் எழுத்துகள்தான் இருந்தன. அதை வைத்துப் போர்த்துகீசியத்தில் சில சிறு நூல்கள் வந்தன.

தமிழ் எழுத்து வேண்டுமே? தரங்கம்பாடியிலிருந்து எழுத்து வடிவங்களை வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். தமிழே தெரியாத ஜெர்மன் தொழிலாளிகள் அதைப் பார்த்து உலோகத்தில் வார்த்தார்கள். 1713-ல் அந்த எழுத்துகளோடு யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற அச்சுத் தொழிலாளி வந்து இறங்கினார்.

ஆனால் எழுத்து ரொம்பப் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் கையிருப்புக் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் சின்ன எழுத்தை இங்கேயே வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன் சங்கம் அன்போடு அனுப்பிய செஷயர் சீஸ், ஈயத்தில் பொதிந்து வந்திருந்தது. சீஸைச் சாப்பிட்டுவிட்டு ஈயத்தை உருக்கினார்கள். தமிழ் அச்சின் இரண்டாவது தொடக்கத்தில் இங்கிலாந்து சீஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

காகிதப் பிரச்சினை அப்போதும் தீரவில்லை. பக்கத்துப் பொறையாறில் காகித ஆலை ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள். அது நீண்ட நாள் ஓடவில்லை. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் மட்டும் அந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது.

ஒரே வருஷம், இரண்டு புத்தகம்

1713-க்கு வருவோம். ஹாலே எழுத்துகள் வந்ததும் தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்று ‘அக்கியானம்’. உள்ளூர் வழிபாட்டைக் கண்டித்து சீகன்பால்கு எழுதிய சிறு நூல் அது. தமிழர்கள் படிக்கத் தமிழில் எழுதியது. பேச்சு நடையில், கடுமையாக.

அதே வருஷம் அவர் மேசையில் இன்னொரு நூல் முடிந்துகொண்டிருந்தது. ஜெர்மன் மொழியில், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்ச வரலாறு. பரம்பொருளில் ஆரம்பிக்கிறது. அடுத்த பகுதியில் சிவன், திருமால், பிரம்மா, அவர்களின் குடும்பங்கள். மூன்றாம் பகுதியில் கிராம தேவதைகள்: ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பத்ரகாளி, பிடாரி. கடைசியில் தேவர்கள், ரிஷிகள், மற்றவர்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் உருவம், கோயில், பூசை, நோன்பு, அதைச் சொல்லும் நூல்கள் என்று வரிசையாக விவரம்.

இதில் மூன்றாம் பகுதிதான் முக்கியம் என்று சொல்லணும். பெரிய கோயில்களுக்குத் தல புராணம் உண்டு, கல்வெட்டு உண்டு, பாடல் உண்டு. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாருக்கும் பிடாரிக்கும் அன்றைக்கு யார் இவ்வளவு விவரமாகக் குறிப்பு எழுதினார்கள்? 1713-ல் காவிரிக் கழிமுகத்துக் கிராமங்களில் மக்கள் எதைக் கும்பிட்டார்கள், எப்படிக் கும்பிட்டார்கள் என்பதற்கு இது ஒரு அரிய பதிவு.

தகவல் எங்கிருந்து வந்தது? ஒன்று, அவர் சேர்த்த ஓலைகள். இன்னொன்று, தமிழர்கள் அவருக்கு எழுதிய பதில்கள். 1712-லிருந்து சீகன்பால்குவும் அவர் சகா கிருண்ட்லரும் படித்த தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். இதன் பின்னால் அழகப்பனின் உழைப்பு பெரிசு. மொத்தம் 99 கடிதங்கள் ஹாலே வெளியிட்ட மிஷன் அறிக்கைகளில் அச்சாகி ஐரோப்பாவில் படிக்கப்பட்டன.

அந்தக் கடிதங்களில் தமிழர்கள் பணிந்து பதில் சொல்லவில்லை. எங்கள் ஒழுக்கத்தில் என்ன குறை, எதனால் எங்களை அஞ்ஞானிகள் என்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். இங்கே வந்த ஐரோப்பியர்கள் குடிப்பதையும், சுத்தமில்லாமல் இருப்பதையும் பட்டியல் போட்டார்கள். ஐரோப்பாவின் வீடுகளுக்குள் தமிழரின் விமர்சனம் தபாலில் போய்ச் சேர்ந்தது. அதைத் தபாலில் போட்டவர்கள் மிஷனரிகளே.

ஹாலே சொன்ன பதில்

தெய்வங்களின் வம்ச வரலாறு கையெழுத்துப் பிரதியாக 1713-ல் ஹாலேக்குப் போனது. அச்சாகி வரும் என்று காத்திருந்தவருக்குக் கிடைத்தது மறுப்பு. மிஷனரிகளை அனுப்பியது இந்தியாவில் அஞ்ஞானத்தை வேரோடு பிடுங்க. அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பதுதான் ஃபிராங்கேயின் நிலைப்பாடு. பிரதி அலமாரிக்குப் போனது.

இதற்கு முன்பும் இதுதான் நடந்தது. 1711-ல் அவர் எழுதி முடித்த, தமிழரின் சமயமும் வாழ்க்கையும் பற்றிய இன்னொரு பெரிய நூலும் அச்சாகவில்லை. அது வெளியானது 1926-ல், ஆம்ஸ்டர்டாமில். 215 வருஷம் கழித்து! ஜெர்மனில் மொழிபெயர்த்த நீதி நூல்களும் 20-ம் நூற்றாண்டு வரை காத்திருந்தன.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இதன் கசப்பு புரியும். அதே காலத்தில் லண்டனில் புத்தகத் தொழில் கொடிகட்டிப் பறந்தது. எழுத்தாளருக்குத் தன் நூல் மேல் உரிமை உண்டு என்று சொல்லும் சட்டம் 1710-ல்தான் அங்கே அமலுக்கு வந்திருந்தது. தூர தேசத்துக் கதை என்றால் வாசகர்கள் விரும்பி வாங்கினார்கள். 1719-ல் வந்த ‘ராபின்சன் குரூசோ’ அதே ஆண்டில் பல பதிப்பு கண்டது. ஆள் இல்லாத தீவைக் கற்பனை செய்த கதைக்கு அச்சகம் கிடைத்தது. நேரில் பார்த்து, கேட்டு, படித்து எழுதிய உண்மையான மக்களின் கதை அலமாரியில் தூங்கியது.

அஞ்சு வேத பொஸ்தகம்

தரங்கம்பாடி அச்சகம் மட்டும் நிற்கவில்லை. 1714-ல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி வெளிவந்தது. நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்தது. அதன் பெயர் ‘அஞ்சு வேத பொஸ்தகம்’. ஐந்து என்று எழுதாமல் அஞ்சு, புத்தகம் என்று எழுதாமல் பொஸ்தகம். பேசுகிற மாதிரியே அச்சிட்டார்கள். 1715-ல் முழுப் புதிய ஏற்பாடும் முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

இந்த நடையைக் கேலி செய்தவர்களும் உண்டு. அதே காலத்தில் தமிழ்நாட்டில் இருந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய பெரும் புலவர். லுத்தரன்களின் தமிழ் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர்களை மறுத்துத் தனி நூலே எழுதினார். ஆனால் வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் கடைசியில் அச்சானது எங்கே தெரியுமா? 1738-ல், அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்.

முழுப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தபோது சீகன்பால்கு ஊரில் இல்லை. ஹாசியஸுடனான தகராறைத் தீர்க்கவும், ஆதரவு திரட்டவும் 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். கூடவே மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் போனார். கப்பலிலேயே உட்கார்ந்து, மலையப்பன் உதவியோடு லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார் சீகன்பால்கு. 1716-ல் ஹாலேயில் அது அச்சானது. ஐரோப்பிய மாணவன் தமிழ் படிக்கப் பயன்படும் என்பதால் அதற்குத் தடை வரவில்லை. போரில் இருந்த டென்மார்க் அரசரைப் பார்த்தார். மரியா டொரோதியா சால்ஸ்மானைத் திருமணம் செய்தார். லண்டனில் அரசர் முதலாம் ஜார்ஜைச் சந்தித்தார். 1716 ஆகஸ்டில் மனைவியோடு சென்னையில் வந்து இறங்கினார்.

கடலூரில் ஒரு பள்ளிக்கூடம்

திரும்பி வந்த பிறகு வேலை வேகம் பிடித்தது. 1717-ல் இங்கிலீஷ் ஆளுநர் ஜோசப் காலெட்டின் ஆதரவோடு கடலூரிலும் சென்னையிலும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. தரங்கம்பாடியில் 1707-லேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய அனுபவம் இருந்தது. டேனிஷ் எல்லையைத் தாண்டி, சிதம்பரத்தையும் தாண்டி, இங்கிலீஷ் குண்டு கிராமங்களுக்குள் அந்தப் பள்ளிக்கூடம் போனது இப்படித்தான். அதே வருஷம் பிப்ரவரியில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டார். 1718 அக்டோபரில் திறப்பு விழா. டென்மார்க் அரசரின் முத்திரையோடு அந்தக் கட்டடம் இப்போதும் ராஜ வீதியில் நிற்கிறது.

அடுத்த அடியும் சொந்த ஆட்களிடமிருந்தே வந்தது. கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகத்தின் செயலாளராக இருந்த கிறிஸ்தியான் வெண்ட், மிஷனரி என்றால் கையில் ஒன்றுமில்லாமல் அலைந்து போதிக்க வேண்டும் என்று நம்புகிறவர். தேவாலயம் எதற்கு, பள்ளி எதற்கு, இவ்வளவு செலவு எதற்கு என்று கண்டித்து எழுதினார். ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்த சீகன்பால்குவை அந்தக் கடிதம் உடைத்தது. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் ரூத் வரை வந்திருந்தார். 1719 பிப்ரவரி 23-ல் இறந்தார். வயது 36. தான் கட்டிய தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். மீதி மொழிபெயர்ப்பை பெஞ்சமின் ஷுல்ட்சே முடித்து, 1723 முதல் 1728 வரை பகுதி பகுதியாக அச்சிட்டார்.

பிறகு என்ன ஆச்சு?

அச்சு இயந்திரம் யார் கையில் இருக்கிறதோ, எது அச்சாகணும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். 1713-ல் தமிழ் அச்சு தமிழர் கையில் இல்லை. தமிழரை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு மிஷனரியின் கையில்கூட முழுசாக இல்லை. காகிதத்துக்கும் எழுத்துக்கும் பணம் கொடுத்தவர்கள் கையில் இருந்தது. தமிழரைக் கண்டித்த நூல் அச்சானது, தமிழரை விளக்கிய நூல் நின்றது என்றால் காரணம் இதுதான்.

அந்த நிலை மாற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு. 1835-ல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு தமிழர்கள் நடத்திய அச்சகங்கள் பெருகின. பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரே தனக்கென்று அச்சு இயந்திரம் வாங்கி, சைவ நூல்களைப் பதிப்பித்து, மிஷனரிகளுக்கு அச்சிலேயே பதில் சொன்னார். 1864-ல் அவர் பள்ளிக்கூடம் திறந்த ஊர் சிதம்பரம்.

மூன்று வருஷம் கழித்து, 1867-ல், வில்லெல்ம் கெர்மான் என்ற ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தெய்வங்களின் வம்ச வரலாற்றைச் சென்னையில் அச்சிட்டார். ஐயனாரும் பிடாரியும் அங்காளம்மனும் 154 வருஷம் கழித்து, எழுதியவரின் பெயரோடு வெளியே வந்தார்கள்.

அதே 1867-ல் அதே சென்னையில் இன்னொரு நூலும் அச்சாகி வந்தது: சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்த ராமலிங்க அடிகளின் திருவருட்பா. அதற்கு ஹாலேயிலிருந்தோ கோபன்ஹேகனிலிருந்தோ யாரும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை.